கோப்பு யாருடையது? பென்னலூர்ச் சாலையிலிருந்து அலுவலக மென்பொருள் குறித்துச் சில குறிப்புகள்

1

காசு கொடுத்து வாங்கும் அலுவலக மென்பொருளா, காசில்லாமல் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளா என்கிற விவாதத்துக்கு ஐரோப்பியச் சூழலில் அர்த்தமுண்டு. அங்கே நகராட்சியும் பள்ளிக்கூடமும் உண்மையாகவே உரிமத் தொகை கட்டுகின்றன. கட்டுகிற தொகையை மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்க முடிகிறது. அதே கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பென்னலூரில் வைத்தால் சிரிப்புத்தான் வரும். 'இங்க யாரு சார் காசு குடுத்து வாங்குனா?' என்பதுதான் வரக்கூடிய முதல் பதில்.

பென்னலூர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே கிடக்கிற ஊர். இந்தச் சாலையின் வரலாற்றைப் பெரிய பெயர்களை வைத்துச் சொல்வதே வழக்கம். 1996இல் ஹூண்டாய் வந்தது. 1998இல் முதல் கார் வெளியே போனது. 2006இல் நோக்கியா வந்தது. 2014 நவம்பரில் மூடிக்கொண்டு போனது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் உற்பத்தியைத் தொடங்கியது. சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங், ஃபாக்ஸ்கான். சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிறவை இவை. தெரியாதவை இவற்றின் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன: லேத் பட்டறை, பிளாஸ்டிக் மோல்டிங், பவுடர் கோட்டிங், கேன்டீன் கான்ட்ராக்ட், ஷிப்டுக்கு வேன் விடுகிற டிராவல்ஸ், ஆள் சப்ளை செய்கிற ஏஜென்சி, டி.டி.பி. சென்டர், ஜெராக்ஸ் கடை. இவை ஒவ்வொன்றிலும் ஒரு பழைய கணினி உண்டு. அந்தக் கணினியில் கோட்டேஷன், டெலிவரி சலான், வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு என ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டுவது பெரும்பாலும் காசு கொடுக்காத ஒரு பிரதி.

ஆக, நம்மூரில் இந்தப் பிரச்சினைக்கு இரண்டு முனைகள் அல்ல, மூன்று முனைகள் இருக்கின்றன: விலை, திருட்டு, கட்டின்மை. நடுவில் உள்ள இரண்டாவது முனையை நாகரிகம் கருதி விட்டுவிட்டுப் பேசுவதால்தான் நமது விவாதங்கள் எப்போதும் காற்றில் நிற்கின்றன. அந்த நடு முனையிலிருந்தே தொடங்க வேண்டும்.

2

திருட்டுப் பிரதி யாருக்கு எதிரானது? உடைமையாளருக்கு எதிரானது என்பது சட்டத்தின் சொல்லாடல். 1976 பிப்ரவரியில், இருபது வயதான பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தான் எழுதி விற்ற பேசிக் மொழிநிரலை எல்லோரும் காசு தராமல் படியெடுத்துக்கொள்கிறார்கள், இது திருட்டு என்பது அதன் சாரம். மென்பொருளைத் தனிச் சொத்தாகக் கருதும் மனநிலை பொதுவெளியில் தன்னை அறிவித்துக்கொண்ட தருணங்களில் ஒன்று அது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1998இல், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசியபோது அதே கேட்ஸ் சீனாவைப் பற்றி வேறு மாதிரி சொன்னார். அங்கே மக்கள் மென்பொருளுக்குக் காசு கொடுப்பதில்லை. எப்படியும் திருடப்போகிறார்கள் என்றால் நம்முடையதையே திருடட்டும், பழகிப் போவார்கள், பிறகு வசூலிக்க வழி கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பேச்சின் பொருள்.

இரண்டுக்கும் இடையில் முரண்பாடு எதுவும் இல்லை. முதலாவது, சந்தை உருவாகாத காலத்தின் பேச்சு. இரண்டாவது, மேலாண்மை உருவாகிவிட்ட காலத்தின் பேச்சு. கிராம்ஷி சொன்ன பொருளில் மேலாண்மை என்பது வன்முறையால் மட்டும் நிற்பதில்லை, ஆளப்படுவோரின் சம்மதத்தால் நிற்பது. சென்னை ரிச்சி தெருவில் கணினி வாங்கும்போதே 'எல்லாம் போட்டுக் குடுத்துருங்கண்ணே' என்று சொல்லி வாங்கிய அந்தச் சி.டி.தான் நமது சம்மதப் பத்திரம். ஒரு ரூபாய் கொடுக்காமலே நாம் மைக்ரோசாஃப்டின் வாடிக்கையாளர் ஆனோம். நமது விரல்கள் அதன் மெனுக்களுக்குப் பழகின. நமது கோப்புகள் அதன் வடிவத்தில் சேர்ந்தன. நமது பிள்ளைகள் அதன் பெயரையே அந்தத் தொழிலின் பெயராகக் கற்றுக்கொண்டார்கள்.

வேலைக்கு எடுக்கும் மேஜையில் கேட்கப்படும் கேள்வியைக் கவனியுங்கள். 'விரிதாளில் கணக்குப் போடத் தெரியுமா?' என்று யாரும் கேட்பதில்லை. 'எம்.எஸ். ஆபீஸ் தெரியுமா?' என்றுதான் கேட்கிறார்கள். அல்துஸ்ஸர் சொல்லும் விளித்தல் இதுதான். 'தெரியும் சார்' என்று திரும்பிப் பார்க்கிற கணத்தில் அந்தப் பெண் அந்த நிறுவனத்தின் தன்னிலையாக ஆகிவிடுகிறாள். லிப்ரே ஆபீஸில் நாலு வருஷம் வேலை பார்த்தவளாக இருந்தாலும் அந்த இடத்தில் 'தெரியாது' என்றுதான் அவள் நிற்க வேண்டியிருக்கிறது.

எனவே திருட்டுப் பிரதி ஒரு எதிர்ப்பு அல்ல. ஏழைகளின் மறுபங்கீடு என்று அதற்கு ஒரு காலத்தில் கொடுக்கப்பட்ட புரட்சிச் சாயம் இன்று நிற்காது. அது உடைமையாளர் நமக்குத் தந்த நீண்ட தவணைக் கடன். கடன்காரன் வந்து நிற்கிற நாள் ஒன்று உண்டு. பட்டறை கொஞ்சம் வளர்ந்து, பெரிய கம்பெனிக்கு நேரடி சப்ளையராகும்போது, உரிமம் இருக்கிறதா என்று தணிக்கைக் கேள்வித்தாளில் ஒரு வரி வரும். அன்றைக்குப் பழகிய விரல்களுக்கும் பழகிய கோப்புகளுக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும்.

3

மூன்றாவது முனைக்கு வருவோம். இங்கே முதல் தடங்கல் சொல்லில்தான். தமிழ்நாட்டு அரசியலில் 'இலவசம்' என்பது கனத்த சொல். கொடுப்பவர் கையும் வாங்குபவர் கையும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதை அது சொல்லிவிடுகிறது. 2011க்குப் பின் அரசு அதை 'விலையில்லா' என்று மாற்றிப் பார்த்தது: விலையில்லா மடிக்கணினி, விலையில்லா ஆடு. சொல் மாறியது, கைகளின் உயரம் மாறவில்லை. தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் உருவாக்கிய 'கட்டற்ற' என்ற சொல் இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. அது விலையைப் பற்றிப் பேசவில்லை, கட்டைப் பற்றிப் பேசுகிறது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 1989இல் பொது உரிமம். இந்த மரபு நான்கு உரிமைகளைக் கேட்கிறது: எந்த நோக்கத்துக்கும் ஓட்டலாம், எப்படி இயங்குகிறது என்று மூல நிரலைப் படித்துத் தேவைக்கேற்ப மாற்றலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். விலை இந்த நான்கில் எங்குமே இல்லை. காசு வாங்கிக்கொண்டும் கொடுக்கலாம். ரிச்சி தெருச் சி.டி.யையும் இதையும் வேறுபடுத்துவது இந்த இடம்தான். முன்னதில் படியெடுப்பது குற்றம், பின்னதில் படியெடுப்பது உரிமை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே செயல், ஒரே பென் டிரைவ். ஆனால் ஒன்றில் நாம் மறைந்து நிற்கிறோம், மற்றதில் நேராக நிற்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். குருவிடமிருந்து பெற்ற ரகசிய மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. மூல நிரலைத் திறந்து வைப்பதற்கு இதைவிட நல்ல உவமை நம் மண்ணில் கிடைக்காது என்று தோன்றும். ஆனால் உவமையை அவசரப்பட்டு ஏற்க வேண்டாம். மந்திரம் காதில் விழுந்த எல்லோரும் கோயிலுக்குள் போய்விடவில்லை. அதற்கு இருபதாம் நூற்றாண்டில் தனிப் போராட்டமும் தனிச் சட்டமும் தேவைப்பட்டன. அதுபோல நிரல் திறந்திருப்பது ஒன்று. அதைத் திறந்து பார்க்கும் படிப்பும் நேரமும் இருப்பது வேறொன்று. பன்னிரண்டு மணி நேரம் லேத்தில் நிற்பவருக்கு மூல நிரல் எந்த வகையில் சொந்தம்? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், தனியாளாக அவருக்கு அது சொந்தமில்லை, கூட்டாகச் சொந்தம் என்பதே. தான் படிக்காவிட்டாலும் படிக்கக்கூடியவர் யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியும் என்பது அதன் பொருள். வழி அடைபடாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அது சிறிய விஷயமும் அல்ல.

இந்த உரிமை எப்படி வேலை செய்யும் என்பதற்கு லிப்ரே ஆபீஸின் கதையே சாட்சி. ஜெர்மனியில் 1985இல் மார்கோ போரிஸ் என்ற இளைஞர் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தின் சரக்கு ஸ்டார் ஆபீஸ். 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, 2000 அக்டோபரில் மூல நிரலை வெளியிட்டது. ஓப்பன் ஆபீஸ் பிறந்தது. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் விழுங்கியது. புதிய எஜமானர் என்ன செய்வாரோ என்ற ஐயத்தில், நிரல் எழுதிவந்தவர்களில் பலர் அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் தனியே பிரிந்து, அதே நிரலை லிப்ரே ஆபீஸ் என்று தொடர்ந்தார்கள். முதலாளி மாறியும் வேலைக் கருவி தொழிலாளர் கையைவிட்டுப் போகவில்லை. நோக்கியா மூடியபோது அங்கே வேலை பார்த்தவர்கள் கருவிகளை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கொட்டகையில் உற்பத்தியைத் தொடர முடிந்ததா? இங்கே முடிந்தது. உரிமத்தின் அர்த்தம் அதுதான்.

4

ஆனாலும் மென்பொருளைவிட முக்கியமானது கோப்பு. மென்பொருள் வரும், போகும். கோப்பில் இருப்பது நம் உழைப்பும் நினைவும்.

லிப்ரே ஆபீஸில் எழுதிச் சேமித்த ஒரு கோப்பை எடுத்து, அதன் பெயரின் கடைசியில் உள்ள ஓ.டி.டி. என்பதை 'ஸிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே சில சிறு கோப்புகள் இருக்கும். 'கன்டென்ட்' என்ற பெயருள்ளதைத் திறந்தால், குறியீடுகளுக்கு நடுவே நீங்கள் எழுதிய வரிகள் அப்படியே தெரியும். ஐம்பது வருஷம் கழித்து லிப்ரே ஆபீஸே இல்லாமல் போனாலும் அதை வாசித்துவிடலாம். இந்த வடிவம் 2006இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. இதற்கு நேரெதிராக, பழைய 'டாக்' கோப்பு ஒரு மூடிய பெட்டி. அதன் இலக்கணத்தை மைக்ரோசாஃப்ட் பொதுவில் வைத்தது 2008இல்தான். அதுவரை பிறர் எழுதிய மென்பொருள்கள் அதைத் திறந்ததெல்லாம் ஊகத்தாலும் பொறுமையாலும்தான். 'லிப்ரே ஆபீஸ்ல தொறந்தா எல்லாம் கலைஞ்சு போகுது' என்று குறைப்படும்போது, கலைத்தது யார் என்று கேட்க நாம் பழகவில்லை.

அதே 2008இல் மைக்ரோசாஃப்டின் புதிய வடிவமும் (டாக்ஸ், எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். என்று நாம் பார்ப்பவை) சர்வதேசத் தரமாக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதற்கு எதிராக வாக்களித்தது, பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா ஆகியவற்றோடு இந்தியாவும் மேல்முறையீடு செய்தது, அது தள்ளுபடியானது. 2010இல் மின் ஆளுமைக்குத் திறந்த தரங்களே என்று ஒன்றிய அரசு கொள்கை வகுத்தது. கொள்கை இப்படி. நடைமுறை? ஒரே பட்டறையின் ஒரே கணினியில் இரண்டு அரசுப் படிவங்களை ஒப்பிடலாம். வருங்கால வைப்புநிதிக்கு மாதாமாதம் ஏற்றும் கணக்கு வெறும் எழுத்துக் கோப்பு. எந்த மென்பொருளிலும் தயாரிக்கலாம். சரக்கு–சேவை வரியின் ஆண்டுக் கணக்குக்குத் தரப்படும் ஆஃப்லைன் கருவியோ மேக்ரோக்கள் நிறைந்த எக்ஸெல் கோப்பு. மைக்ரோசாஃப்ட் எக்ஸெல் வேண்டும் என்று அதுவே கேட்கிறது. தொழிலாளியின் பணத்தை எண்ணும் இடத்தில் கதவு திறந்திருக்கிறது, முதலாளியின் வரியை எண்ணும் இடத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் பூட்டு தொங்குகிறது. திட்டமிட்டுச் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. பழக்கம் சட்டத்தை எப்படி மீறும் என்பதற்கு இது உதாரணம்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதில் இரட்டை நஷ்டம். யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் இருந்தும், இருபது ஆண்டுகள் நாம் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களை நம்பிக் காலம் தள்ளினோம். அவற்றில் கணினியைப் பொறுத்தவரை நீங்கள் எழுதியது தமிழே அல்ல. ரோமன் எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த ஏற்பாடு அது. எழுத்துருவை எடுத்துவிட்டால் 'அ' போய் ஏதோ ஒரு கிறுக்கல் நிற்கும். 1999இல் அரசு டாம், டாப் என்று தரம் வகுத்தது. 2010இல்தான் யூனிகோடுக்கு மாற அரசாணை வந்தது. அதற்குள் எத்தனை ஆவணங்கள்! துண்டறிக்கைகள், கோரிக்கை மனுக்கள், ஒப்பந்த நகல்கள். தொண்ணூறுகளின் சிற்றிதழ்களையே எடுத்துக்கொள்வோம். அவற்றில் பல பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டவை. ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட அந்த மென்பொருளை 1994இல் அடோபி வாங்கியது. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அது நின்றது. அக்காலத்து இதழ் ஒன்றின் கோப்பு இன்று கையில் கிடைத்தால், முதலில் செத்துப்போன மென்பொருள் வேண்டும், அப்புறம் காணாமல் போன எழுத்துரு வேண்டும், அதற்குமேல் ஒரு பழைய கணினியும் வேண்டும். அச்சடித்த தாள் இருக்கிறது. அதே பிரதியின் மின்வடிவம் தாளுக்கு முன்பே செத்துவிட்டது. அதிகாரம், பிரதி, வாசகன் என்று பக்கம் பக்கமாக விவாதித்த நாம், பிரதி எந்தப் பெட்டியில் பூட்டப்படுகிறது என்று கேட்காமலே இருந்துவிட்டோம்.

5

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செய்ததன் வரலாறு படிப்பினைக்குரியது.

இரண்டாயிரங்களின் நடுவில் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறியியல் பாடநூல் மாணவர்களுக்கு ஸ்டார் ஆபீஸைக் கற்பித்தது. ரைட்டர், கால்க், பேஸ், இம்ப்ரெஸ் என்று பாடம் பாடமாக. 2006க்குப் பின் சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. அரசுக் கொள்முதலிலும் அதை முன்வைத்தது. சென்னை சி–டாக் பாஸ் லினக்ஸை உருவாக்கியது. 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் ஒரே பெட்டிக்குள் குடிவைக்கப்பட்டன. இவ்வளவும் நடந்தும் நெடுஞ்சாலையோரப் பயிற்சி மையங்களின் பலகையில் 'எம்.எஸ். ஆபீஸ்' அழியவில்லை. ஏன்?

பாடநூலின் கதையில் விடை இருக்கிறது. ஆரக்கிள் 2011இல் ஸ்டார் ஆபீஸ் வழிவந்த விற்பனைச் சரக்கைக் கைவிட்டது. நமது பாடத்திட்டம் மாறியது 2018–2019இல். இடைப்பட்ட ஆண்டுகளில் உலகில் இல்லாத ஒரு மென்பொருளின் மெனுக்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினார்கள். அதாவது கற்பிக்கப்பட்டது கணக்குப்போடும் முறையோ ஆவணம் அமைக்கும் முறையோ அல்ல, ஒரு சரக்கின் பொத்தான்கள். சரக்கின் பெயரை மாற்றிவிட்டுக் கற்பிக்கும் முறையை மாற்றாமல் விட்டால், பொத்தான் மனப்பாடம் செய்த பிள்ளை பெயர் பெற்ற பொத்தானையே தேடிப்போகும். அதில் அதன் தவறு ஒன்றுமில்லை.

கேரளம் வேறு வழியில் போனது. அங்கே பள்ளிக் கணினிக் கல்வி ஒரே நிறுவனத்தின் சரக்கைச் சுற்றி அமைவதை ஆசிரியர் அமைப்புகளே எதிர்த்தன. ஆசிரியர்களே பயிற்சி பெற்றார்கள், பாடம் எழுதினார்கள், பள்ளிகளுக்கான லினக்ஸ் பதிப்பைத் தயாரிப்பதிலும் பங்கெடுத்தார்கள். 2019 வாக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகள் அதில் ஓடின. மூவாயிரம் கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொல்லப்பட்டது. வகுத்துப் பார்த்தால் கணினிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். அவ்வளவு உரிமத்தையும் எந்த அரசாவது காசு கொடுத்து வாங்கியிருக்குமா என்ன! கொடுக்கப்போகாத பணத்தை மிச்சமாக எண்ணும் இந்தக் கணக்கு கேரளத்தின் உண்மையான சாதனையை மறைக்கிறது. சாதனை, ஆசிரியர்கள் கருவிக்குச் சொந்தக்காரர்கள் ஆனதுதான்.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி இதன் மறுபக்கம். 2003இல் முடிவெடுத்து, 2013க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதென நகரவை வாக்களித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்–ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. ஆக, மாற்றம் ஒருமுறை நடந்து முடிகிற சம்பவமில்லை. அது தொடர்ந்து காக்கப்பட வேண்டிய அதிகார உறவு. மேலே உத்தரவு போட்டவர் மாறினால் கீழே சம்மதமாக ஊன்றாத எதுவும் நிற்காது. எல்காட்டின் வேகம் நீடிக்காததற்கும் காரணம் இதுவே எனலாம்.

6

சரி, ஒரகடம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இன்று என்ன செய்யலாம்? கோட்பாடு பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. ஆனால் கோட்பாடு சோதிக்கப்படும் இடமே இதுதான்.

முடிகிறவை: கடிதம், கோட்டேஷன், சலான், வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு, சரக்கிருப்பு. லிப்ரே ஆபீஸின் ரைட்டரும் கால்க்கும் இவற்றைக் குறைவில்லாமல் செய்யும். எக்ஸெலில் உள்ள அதே 10,48,576 வரிசைகள். 2022இல் வந்த 7.4 பதிப்பிலிருந்து அதே 16,384 நெடுவரிசைகள். பைவட் அட்டவணை உண்டு. தமிழ் இடைமுகம் உண்டு. பி.டி.எஃப். ஆக்குவது ஒரு சொடுக்கு. விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். விண்டோஸை மாற்றாமல் அலுவலக மென்பொருளை மட்டும் முதலில் மாற்றலாம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. புதிய பதிப்புக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படும் பழைய பெட்டிகள் லினக்ஸோடு இன்னும் சில வருஷம் உழைக்கும்.

முடியாதவை: பெரிய கம்பெனி அனுப்பும் மேக்ரோ பொதிந்த எக்ஸெல் படிவங்கள் சில ஓடும், சில ஓடாது. பவர் க்வெரி போன்றவை கால்க்கில் இல்லை. பக்கம் கலைவதற்கு முக்கியக் காரணம் எழுத்துரு. அனுப்பியவர் கலிப்ரியில் எழுதியிருப்பார், நம் கணினியில் கலிப்ரி இருக்காது. அதே அகலம் கொண்ட கார்லிட்டோ என்ற கட்டற்ற எழுத்துருவைப் போட்டுவிட்டால் பாதிக் கலைச்சல் நிற்கும். மீதிக்கு எளிய ஒழுங்கு ஒன்று உண்டு: நம்மிடம் இருப்பது ஓ.டி.எஃப். வடிவில், பிறர் படிக்க மட்டும் அனுப்புவது பி.டி.எஃப்.; பிறர் நிரப்பித் திருப்ப வேண்டியது மட்டும் அவர்கள் கேட்கும் வடிவில். மேக்ரோப் படிவங்களுக்கென்று உரிமம் வாங்கிய ஒரே ஒரு எக்ஸெலை ஒரு கணினியில் வைத்துக்கொள்வதில் கொள்கைக் குற்றம் ஏதுமில்லை. பத்துத் திருட்டுப் பிரதிக்குப் பதில் ஒன்பது கட்டற்றதும் ஒன்று வாங்கியதும் என்பது மேலானது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸே 2009இலிருந்து ஓ.டி.எஃப். கோப்புகளைத் திறக்கிறது என்பதையும் நினைவில் வைக்கலாம். 'உங்க ஃபைல் தொறக்கல' என்று வரும் போன் எப்போதும் தொழில்நுட்பக் குறையைச் சொல்வதில்லை. யார் யாருக்கு வளைய வேண்டும் என்ற உறவையே பல சமயம் சொல்கிறது. சப்ளையர் வளைகிறான், கான்ட்ராக்டர் வளைகிறான், அவனுக்குக் கீழே இருப்பவள் இன்னும் வளைகிறாள். கோப்பு வடிவம் உற்பத்திச் சங்கிலியில் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது.

உதவிக்கு ஆளில்லை என்பதும் முழு உண்மையில்லை. காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. சென்னையிலும் விழுப்புரத்திலும் உண்டு. 2012இலிருந்து கணியம் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. பென்னலூரிலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. கல்லூரி வாசலிலிருந்து பட்டறை வாசல் வரை உள்ள தூரம்தான் இங்கே நடக்கப்பட வேண்டியது.

7

கடைசியாக வாடகை பற்றி. முன்பு மென்பொருள் ஒரு பெட்டி, வாங்கினால் வாங்கியதுதான். இப்போது அது சந்தா. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலைக் காரணம் காட்டி, குஜராத்தின் வாடிநாரில் பெரும் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் திடீரென்று சேவையை நிறுத்தியது. காசு கட்டிய வாடிக்கையாளர் தன் மின்னஞ்சலையும் தரவையும் எட்ட முடியாமல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது; சில நாட்களில் சேவை திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இது நேரும் என்றால், மாதச் சந்தா கட்டத் தவறிய பட்டறைக்காரர் எங்கே போய் முறையிடுவார்?

இதற்கு மாற்றாகச் சுதேசிக் குரல் ஒன்று எழுந்திருக்கிறது. 2025இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் தன் அலுவலர்களை ஸோஹோவின் அலுவலகத் தொகுப்புக்கு மாறச் சொன்னது. ஸோஹோ நம்மூர் நிறுவனம்; அதன் உழைப்பை மதிக்கலாம். ஆனால் அதுவும் மூடிய நிரல், அதுவும் வாடகை. பூட்டின்மேல் பொறித்த ஊர்ப் பெயர் மாறுவதால் சாவி நம் கைக்கு வந்துவிடாது. உடைமையாளர் எந்த நாட்டவர் என்பதும் உடைமை உறவு எப்படிப்பட்டது என்பதும் வெவ்வேறு கேள்விகள். தேசியவாதச் சொல்லாடல் முதல் கேள்வியைச் சத்தமாகக் கேட்டு இரண்டாவதை அமுக்கிவிடுகிறது.

இந்தச் சாலையில் வாழ்கிறவர்களுக்கு இரண்டாவது கேள்விதான் நெருக்கமானது. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தபோது மையமான கோரிக்கைகளில் ஒன்று, தங்கள் சங்கத்தின் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது. 2025 ஜனவரியில் அது பதிவானது. பதிவு என்பது சாதாரணச் சொல் அல்ல. யார் இருந்தார்கள், எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், என்ன கேட்டார்கள், என்ன கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் ஏதோ ஒரு கோப்பில்தான் இருக்கிறது. வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் கம்பெனியின் கணினியில் இருக்கின்றன, அவற்றின் வடிவத்தை நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் சங்கத்தின் தீர்மானப் புத்தகம், கோரிக்கை மனு, சந்தாக் கணக்கு, துண்டறிக்கை ஆகியவற்றை எந்த வடிவத்தில் வைப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது. வருகிற மாதக் கூட்டத்துக்கு எழுதும் முதல் அறிக்கையை யூனிகோடில் அடித்து, திறந்த வடிவத்தில் சேமித்து, நாலு பேர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும். இருபது வருஷம் கழித்து இந்தச் சாலையில் என்ன நடந்தது என்று கேட்கிற ஒரு பெண்ணால் அதைத் திறந்து படிக்க முடியும்.